ஒரு நாள் ஆகும் என்றேன்

முட்டுக்காடு,
கார்த்திகை, ஞாயிறு.

அன்புள்ள சங்கவி,

மஸ்கட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டுவிட்டது. உன் அப்பா மறுபடியும் கடலுக்குப் போய் வருகிறார். உன் தம்பி அரசுக்கு நாவலூர் வேலை நிரந்தரமாகிவிட்டது.

உன் அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீ எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். அதற்கு எனக்கு அருகதை இல்லை. அதனால்தான் காகிதம். உங்கள் தெரு பூபாலன் மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

காலில் ஆணி குத்தியது, சின்னப் புண், ஆறிவிட்டது என்று அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறார். அது உண்மையில்லை. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பயப்படாதே, உயிருக்கு ஆபத்தில்லை. பாதம் பிழைத்துவிட்டது, வீட்டுக்கும் வந்துவிட்டார். இனி நடந்ததைக் கேள்.

ஆவணியில் உங்கள் குப்பத்து மகளிர் குழுவில் பேச என்னை அழைத்தார்கள். அழைக்கச் சொன்னதே உன் அம்மாதான். ஆராய்ச்சிக்குக் கொடுவா மீன் வாங்க உன் அப்பாவின் படகுக்கு நான் வந்து போவது உனக்குத் தெரியும். "எங்க சங்கவியோட படிச்ச பொண்ணு, மீனுக்கு டாக்டர் படிப்பு படிச்சிகினு கீது" என்று எல்லாரிடமும் சொல்லி, நடுவில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார். செய்யூரில் என் அம்மா இன்றைக்கும் சில வீடுகளில் வாசலில் நின்றுதான் பேசுகிறார். அந்த நாற்காலி எனக்கு எவ்வளவு பெரிது என்று உனக்குப் புரியும்.

பேசினேன். கடல் தண்ணீர் முழுக்கக் கிருமி, அதிலேயே பிறந்து வளரும் மீன் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்டேன். மீன் தோலின் வழுவழுப்பில் சின்னச் சின்னப் புரதங்கள் இருக்கின்றன. சில புரதங்கள் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு அதன் உறையில் ஓட்டை போடும், உள்ளே இருப்பது வெளியே கசிந்து கிருமி செத்துப்போகும். இன்னொரு புரதம் அந்த உறையையே அறுத்துவிடும் என்றேன். கைதட்டினார்கள். சந்திரம்மா அக்கா எழுந்து, "அப்ப நம்ம புண்ணுக்கும் ஆவுமா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "ஒரு நாள் ஆகும்" என்றேன்.

ஆராய்ச்சியெல்லாம் முடிந்து, என்றாவது ஒரு நாள் மருந்தாகும் என்ற அர்த்தத்தில் சொன்னேன். புண் ஆற ஒரு நாள் பிடிக்கும் என்று உன் அம்மா எடுத்துக்கொண்டார். உயிருள்ள மீன் அந்தப் புரதங்களை ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. செத்த மீனில் அது நின்றுவிடும். அதே வழுவழுப்பில் கிருமி பெருகும். மனிதர் புண்ணில் அதைத் தடவவே கூடாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் கைதட்டல் அடங்கிவிடும் என்று இருந்தது.

ஐப்பசியில் கரையில் மீன் பிரிக்கும்போது கெளுத்தி முள் அம்மாவின் காலில் ஏறிவிட்டது. உன் அப்பா உடனே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறார். "ஒரு நாளு பொறுய்யா, அன்பு சொல்லிக் கீது" என்று என் பேரைச் சொல்லி, கொடுவா மீனின் மேலிருந்த வழுவழுப்பை வழித்தெடுத்துத் தடவி, பழைய புடவைத் துணியால் கட்டிக்கொண்டாராம். மறுநாள் காய்ச்சல். மருந்து வேலை செய்கிறது, அதுதான் சூடு என்று மறுபடியும் தடவியிருக்கிறார். சர்க்கரை வேறு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனபோது விரல்கள் கறுத்து, கால் கணுக்கால் வரை வீங்கியிருந்தது.

உன் தம்பி அரசு போன் செய்ததும் ஓடினேன். நர்ஸ் கட்டைப் பிரித்தபோது துணியோடு செதில்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. யார் சொல்லி இப்படிச் செய்தீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல சார், நானாதான் பண்ணிக்கினேன்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்து, படித்தவர் மாதிரி இருக்கிறீர்களே, வீட்டில் எடுத்துச் சொல்லக் கூடாதா என்று கேட்டார். என் கழுத்தில் ஆய்வகத்து அடையாள அட்டை தொங்கியது. அதைத் துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொண்டு தலையாட்டினேன். சங்கவி, நான் தலையாட்டினேன்.

ஆபரேஷனுக்கு முன் மெட்டியை வெட்டியெடுத்து என் கையில் கொடுத்தார்கள். மயக்கம் தெளிந்த பிறகு அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, என்னால்தான் என்று சொல்லத் தொடங்கினேன். முடிக்கவிடவில்லை. "சும்மா கெட. வெளிய தெரிஞ்சா உன் படிப்பு இன்னா ஆவறது? எம் பொண்ணா இருந்தா வுட்டுக் குடுப்பனா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியமும் வாங்கினார். அதை இப்போது மீறுகிறேன்.

போன வாரம் மகளிர் குழுவுக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.  பிறகு சந்திரம்மா அக்கா, "இத்த அன்னிக்கே சொல்லிருந்தா இன்னா? அவ கால் வெரலு இருந்திருக்கும்ல?" என்றார்.  அவரே, "செரி, முள்ளு குத்துனா இன்னா பண்ணணும்? அத்தயாச்சும் ஒழுங்கா சொல்லிட்டுப் போ" என்றார். முதலில் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தாங்குகிற சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி குறையும், எதையும் தடவாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சர்க்கரை இருப்பவர்கள் வீட்டில் காத்திருக்கவே கூடாது என்று சொன்னேன். திருப்பிச் சொல்லவும் வைத்தேன். அன்று யாரும் கைதட்டவில்லை.

அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நேற்று உன் அப்பாவிடம், "ஒரு கால்லதான் மெட்டி. இனிமே உனுக்கு நான் அரைப் பொண்டாட்டிதான்" என்று சிரித்தார். அவரும் சிரித்துவிட்டு எழுந்து வெளியே போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

வீடியோவில் கூப்பிட்டுக் காலைக் காட்டச் சொல். மறைப்பார், விடாதே. ஆனால் அவரைத் திட்டாதே. அன்பு பேச்சை ஏன் நம்பினாய் என்று மட்டும் கேட்டுவிடாதே. நம்பியது அவர் தப்பில்லை.

எனக்குப் பதில் எழுத வேண்டும் என்றில்லை. பொங்கலுக்கு நீ வரும்போது நான் உன் கண்ணில் படக் கூடாது என்றால் சொல், விலகியிருப்பேன். அதுவரை அம்மாவைக் கட்டு மாற்றக் கூட்டிப் போகிறவள் நானாகவே இருக்கட்டும். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

கர்த்தர் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

உன்
அன்பரசி