ஆம்பளை டாக்டராப் பாருங்க

திருச்செங்கோடு
3.2.2025

அன்பு மகள் அறிவுமதிக்கு,

ஆபரேஷன் முடிந்த மறுநாள் உங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் டீ தேடி நடந்தேன். எதிரே வந்தவர்களெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். சர்ஜன் அறிவுமதியின் அப்பா என்கிற மரியாதையாக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். ஆபரேஷனுக்குப் போட்டுவிட்ட பச்சை அங்கி பின்பக்கம் திறந்து கிடந்தது என்று வாட்ச்மேன் துண்டோடு ஓடி வந்த பிறகுதான் தெரிந்தது.

குடலிறக்கத் தையல் நன்றாக ஆறிவிட்டது. போர்வெல் ரிக் வண்டியில் ஊர் ஊராகக் குழி போட்டவனுக்கு, சொந்த வயிற்றில் ஒரு ஓட்டையை அடைக்க இத்தனை பாடு.

பத்து நாளாக நீ போன் எடுப்பதில்லை. புதுப் பதவி, வேலை மும்முரம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு சௌந்திரத்திடம், ஆபரேஷன் பிரிவுக்கே இனி எம்பொண்ணுதான் தலைமை என்று அளந்தேன். அப்படியானால் இனி உங்கூட்டில் கத்திரிக்காயைக்கூட மயக்க ஊசி போட்டுத்தான் அறுப்பீங்க என்கிறாள்.

ஒரு வரியாவது எழுது, சாமி.

உன் அப்பா,
வீரபாகு

சேலம்
11.2.2025

அப்பாவுக்கு,

போனில் என்றால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

தலைமைப் பதவி எனக்கு இல்லை. கலையரசனுக்கு என்று முடிவு செய்திருக்கிறார்கள். என்னைவிட ஆறு வருஷம் இளையவர். தையல் முடிச்சுப் போட அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்.

பெற்றவருக்கு நாங்கள் கத்தி வைப்பதில்லை. அதனால்தான் உங்களை சண்முகப்பிரியாவிடம் ஒப்படைத்தேன். நான் பழக்கிய பெண் சர்ஜன். நீங்கள் நர்சிடம், "பொம்பளை டாக்டரு வேண்டாமுங்க, ஆம்பளை டாக்டராப் பாருங்க" என்று சொன்னீர்கள். கலையரசன் செய்தார். அன்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நர்ஸ் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார். பதவிக்கான நேர்காணலில் ஆஸ்பத்திரி சேர்மன் அதை வாசித்துவிட்டு, "உங்கப்பாவே ஒத்துக்கலீங்களே டாக்டர், ஜனங்க எப்படி ஒத்துக்குவாங்க?" என்றார். குழுவில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். பதினாறு வருஷ வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை.

உத்தரவில் 21ஆம் தேதி வெள்ளிக்கிழமைதான் கையெழுத்து. அறுக்கிற இடம் அப்படி என்பதால் கூச்சத்தில் சொன்னீர்கள் என்றே நம்புகிறேன். வந்து அதைச் சேர்மனிடம் சொல்லுங்கள். இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

அறிவுமதி

திருச்செங்கோடு
22.2.2025

சாமி,

நேற்று வந்தேன். சேர்மன் நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார், காபி கொடுத்தார். இடம் அந்த மாதிரிங்க, கூச்சத்துல சொல்லிப்போட்டேனுங்க என்றேன். அவர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அப்புறம் கேட்டார்: "கழுத்துல ஒரு கட்டின்னா, அந்தப் பொண்ணு டாக்டர்கிட்டயே ஆபரேஷன் பண்ணிக்கிட்டிருப்பீங்களா?"

'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்பு படித்தவனுக்கு அதுகூடவா வராது? காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உத்தரவை இழுத்து என் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார்.

கீழே வந்தபோது நீ லிப்ட் பக்கம் நின்றிருந்தாய். தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறி, தடுமாற்றத்தில் ராசிபுரத்துக்கு டிக்கெட் கேட்டுவிட்டேன். கண்டக்டர் திட்டி இறக்கிவிட்டார்.

கூச்சம் கொஞ்சம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் அந்தச் சண்முகப்பிரியா வந்து என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கையைப் பார்த்தேன். சின்னக் கை. உன் கை மாதிரியே இருந்தது.

இந்தக் கையா என்னை அறுக்கும் என்று பயந்துவிட்டேன், சாமி.

வீரபாகு