மஞ்சள் விளக்கு அணையட்டும்

நீ இறந்த முப்பதாம் நாள் பூசைக்குச் சர்ச்சுக்குக் கிளம்பி, இன்று காலை உன் மோட்டார் சைக்கிளின் சாவியைத் திருப்பினேன். சீட்டுக்கு அடியிலிருந்து அந்த 'ம்ம்ம்' சத்தம் எழுந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

பண்டமாரானில் பத்தொன்பது வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். நீ என்னிடம் உதவி என்று கேட்டது ஒரே முறைதான். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கிள்ளான் போக வேண்டும். ஊசி ஏறிய கையால் பிரேக் பிடிக்க முடியவில்லை. "டாக்சிய நம்பி உட்கார முடியாதுலா. நீ ஓட்டு, நான் பின்னால உட்கார்ந்துக்கிறேன்" என்றாய். என்னிடம் லைசன்ஸ் இருந்தது. கைதான் கல்யாணமான புதிதில் ஓட்டிய பழைய மோட்டாருக்குப் பழகிய கை.

முதல் நாளே, சாவியைத் திருப்பிய வேகத்தில் பட்டனை அழுத்தி, பழைய வழக்கப்படி ஆக்சிலேட்டரையும் முறுக்கினேன். வண்டி பாய்ந்து உன் வீட்டுக் கேட்டில் முட்டியது. "வேற ஆளப் பாரு, என்னால முடியாது" என்றேன்.

"கேட்டத் திறந்துட்டுப் போயிருக்கலாம்லா" என்றாய்.

பிறகு பக்கத்தில் நின்று சொன்னாய்: "இது பழசு மாதிரி சோக் இழுக்கிற மோட்டார் இல்ல. கேக்குதே, அது பம்ப்பு பெட்ரோல ஏத்துற சத்தம். அது அடங்கட்டும், மஞ்சள் விளக்கு அணையட்டும். அப்புறம் பிரேக்கப் பிடிச்சு பட்டன அழுத்து. முறுக்காத. எவ்வளவு பெட்ரோல் வேணும்னு அதுக்கே தெரியும்."

ஸ்டார்ட் ஆனதும் உறும விட்டுச் சூடாக்கப் பார்த்தேன். அதற்கும் திட்டு. "கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும், அப்புறம் மெதுவா கிளம்பு. தூங்கி எழுந்ததும் உன்னை ஓடச் சொன்னா ஓடுவியா?"

விளக்கு அணையும்வரை அந்த இரண்டு விநாடி எனக்குக் காத்திருக்க வரவில்லை. அதனால் "முருகா" என்று சொல்லப் பழகினேன். பின்னாலிருந்து நீ "ஆமென்" என்பாய். "உன் சாமி முன்னால, என் சாமி பின்னால. இனி எந்த லோரி நம்மள இடிக்கும்?"

மழை நாளிலும் ஒரு தடவைகூட நாம் தாமதமாகப் போய்ச் சேரவில்லை. உன்னை நான் சுமந்ததாக எல்லாரும் சொல்கிறார்கள். காப்பாரில் இருக்கும் என் அக்காவைப் பார்க்க, யாரையும் எதிர்பார்க்காமல் தனியாகப் போய்வருகிறேனே, அது யார் தந்தது என்று எனக்குத் தெரியும்.

சத்தம் அடங்கி, விளக்கும் அணைந்தது. "முருகா" என்றேன். கை பட்டனுக்குப் போகவில்லை. பின்னாலிருந்து ஒரு சொல் வர வேண்டியிருந்தது. அதையும் நானே சொல்லிவிட்டு அழுத்தினேன்.

முறுக்கவில்லை.