மரக்குவியலில் இருந்து பத்தடி

08.10.2024, செவ்வாய்
காலையிலிருந்து மழை. மகள் தேனுஜாவின் கலியாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள். மண்டபக்காரருக்கு மிச்சக் காசு கட்டியாச்சு, பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டினேன். இனி நகைகளை மினுக்கக் குடுக்க வேணும். பாங்கில் வைத்ததை எடுத்து வாங்கோ என்று இவரிடம் சொன்னேன். "ஓம், பாப்பம்" என்றார். இது மூன்றாவது "பாப்பம்".

10.10, வியாழன்
பாங்கில் இல்லையாம்.

யூலையில் நாங்கள் கனடா போகமுதல், பக்கத்துத் தெருவில் இரண்டு தமிழ் வீடுகளை உடைத்து நகை எடுத்தார்கள். அந்தப் பயத்தில் இவர், விசேஷங்களுக்கு மட்டும் நான் போடுகிற தாலிக்கொடி, பிள்ளைக்கென்று இருபது வருடமாகச் சேர்த்த பன்னிரண்டு பவுண், எல்லாத்தையும் ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காட்டில் கிடங்கு கிண்டித் தாட்டாராம்.

காட்டில! ஜேர்மனியில, எசனில இருந்துகொண்டு ஆராவது இப்பிடிச் செய்வினமோ?

"இடம் வடிவாத் தெரியும், அடையாளம் வைச்சனான்" என்கிறார். என்ன அடையாளம்? வெட்டி அடுக்கின பெரிய மரக்குவியல். அதிலிருந்து வலப்பக்கம் பத்தடி.

போய்ப் பார்த்தோம். குவியல் இல்லை. விக்கத்தானே வெட்டி அடுக்கினவங்கள், ஏத்திக்கொண்டு போகாமல் பூசை வைப்பாங்களோ?

11.10, வெள்ளி
பிள்ளைக்குச் சொல்லவில்லை. இவரோடும் கதைக்கவில்லை, சோறு மட்டும் போட்டேன்.

இவரோடு வேலை செய்கிற கிருபனிடம், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்துகிற டிடெக்டர் ஒன்று இருக்கிறது. சனி ஞாயிறுக்கு இரவல் வாங்கி வந்தார். "என்னத்துக்கு மரியரட்ணம் அண்ணை?" என்று கிருபன் கேட்டதுக்கு, "சும்மா, பழைய காசு தேடிப் பாப்பம் எண்டு" என்றாராம். உண்மையைச் சொல்ல வெட்கம். அந்த வெட்கம் தாட்டபோது வரவில்லை.

12.10, சனி
ஆறு மணித்தியாலம். கிடைத்தவை: பியர் மூடி நாற்பத்தொன்று, ஒரு குதிரை லாடம், ஆணிகள், 1950ஆம் ஆண்டு ஃபெனிக் காசு மூன்று.

மெஷின் கத்தும்போதெல்லாம் இவர் "அந்தா!" என்று துள்ளுவார், நான் குந்தியிருந்து கிண்டுவேன். முழங்கால் போச்சு.

"இஞ்சேரும், கொஞ்சம் பொறுமையா இரும்."

"பொறுமையா இருந்துதான் எனக்கு இருபத்தெட்டு வருசம் போனது."

பிறகு வன அதிகாரி நாயோடு வந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். "பழைய காசு" என்று இவர் உடனே சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்!

பழைய காசு தேடுவதென்றால் அனுமதிக் கடிதம் வேணுமாம். எங்களிடம் ஏது? விண்ணப்பித்தால் ஆறு கிழமையாவது ஆகும் என்றார். கலியாணத்துக்கு இரண்டு கிழமை. தன் தொலைபேசி இலக்கத்தைத் தந்து, இனி மெஷினோடு கண்டால் புகார் எழுதுவேன் என்று காட்டைவிட்டு அனுப்பினார்.

13.10, ஞாயிறு
பூசையில் மனம் நிற்கவில்லை. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தாரும் என்று அந்தோனியாரிடம் கேட்க வாய் வரவில்லை. பொய்க்குத் தலையாட்டிப்போட்டு எந்த முகத்தோட கேக்கிறது?

கோயில் வாசலில் நின்றே அந்த அதிகாரிக்கு ரெலிபோன் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்று மன்னிப்புக் கேட்டு, ரீவியும் கடை விளம்பரத் தாளும் பார்த்துப் படித்த என் ஜேர்மனில் எல்லாத்தையும் சொன்னேன். "இதை நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே இடத்தைக் காட்டியிருப்பேனே!" என்றார். அந்தக் குவியலுக்கு நம்பர் அடித்து லொறியில் ஏற்றுவித்ததே அவர்தானாம்.

இரண்டு மணிக்கு வரைபடத்தோடு வந்தார், தன் முன்னால் மெஷினைப் பாவிக்கலாம் என்றார். நாங்கள் கிண்டிய பாதையே இல்லை, இரண்டு பாதை தள்ளி.

"அப்ப நேற்று முழுக்க—" என்று இவர் தொடங்கினார்.

"கதையாதேங்கோ."

நாலாவது இடத்தில் மெஷின் கத்தியது. ரின் கறள் பிடித்திருந்தது, உள்ளே நகை சுற்றிய பொலித்தீன் பை நனையவில்லை. இரண்டு தரம் எண்ணினேன். ஒன்றும் குறையவில்லை. ஆண்டவருக்குத் தோத்திரம்.

திரும்பினால் இவர் ஈரச் சருகில் இருக்கிறார். "தொண்ணூற்றைஞ்சில சண்டைக்குள்ள ஊரைவிட்டு இடம்பெயரேக்க, அம்மாவின்ர நகையைக் கிணத்தடியில தாட்டுப்போட்டு வந்தனான். போய் எடுக்க ஏலாமலே போச்சு" என்றார். இருபத்தெட்டு வருடத்தில் இதை எனக்குச் சொன்னதில்லை. அதிகாரி நாயைக் கூட்டிக்கொண்டு அப்பால் போய் நின்றார்.

ரின்னை மூடிக் கக்கத்தில் வைத்தேன்.

"எழும்புங்கோ, களிசான் நனையுது" என்றேன்.

15.10, செவ்வாய்
பாங்கில் பெட்டகம் எடுத்தோம், என் பெயரில். நகை மினுக்கக் குடுத்தாச்சு, கலியாணம் முடிய மிச்சம் அங்கே போகும். இரண்டாவது சாவி யாருக்கு என்று பாங்கில் வேலை செய்கிற பெட்டை கேட்டாள். இவர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தேனுஜாவின் பெயரை எழுதத்தான் பேனையை எடுத்தேன்.

மரியரட்ணம் என்று எழுதினேன்.