சாம்பல் அட்டையும் பச்சை அட்டையும்

உத்தரதித்
புத்த வருஷம் 2546, ஆகஸ்ட் 6, புதன்கிழமை

அன்பு மகள் சுரீக்கு, அம்மா எழுதுவது. மும்மணிகளின் அருளால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் இருமல் சளி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடி இருக்க வேண்டும் என்று தினமும் ஊதுபத்தி ஏற்றும்போது உன் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன். உன் அப்பா மிகவும் சுகமாக இருக்கிறார். மூச்சு நன்றாக விடுகிறார், காலையில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார், இப்போது கொல்லையில் லாங்சாட் மரத்தடியில் நின்று பழங்களை அணிலிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று அணிலோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். இதை ஏன் இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன் என்பது மேலே படித்தால் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய உன் புத்தகத்தின் மாதிரி அட்டை போன மாதம் பதினைந்தாம் தேதி வந்தது. மூவாயிரம் பிரதி அச்சடிக்கப்போகிறார்கள், ஆகஸ்ட் மாதக் கடைசிக்குள் பாங்காக்கில் இருக்கும் பதிப்பகத்தாருக்குச் சம்மதம் சொல்ல வேண்டும், பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுது அம்மா என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது, சுரீ. இந்த அட்டையோடு உன் புத்தகம் வெளியே வரக்கூடாது. கோபப்படாமல் முழுவதையும் படி, நான் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும், எல்லாம் பார்த்து, குறித்து வைத்துத்தான் எழுதுகிறேன்.

சாம்பல் நிறம் தண்டவாளத்துச் சரளைக்கல்லின் நிறம் என்று எழுதியிருந்தாய், நல்ல யோசனைதான். சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு, நடுவில் முட்டை வடிவத்துக்குள் ரயில்வே சட்டை போட்ட உன் அப்பாவின் இருபத்திரண்டு வயதுப் படம், அதற்கு அடியில் உன் தோழி இங்கெரீட் கையால் வரைந்த வெள்ளைப்பூ, அதற்கும் அடியில் ‘அப்பா வழியனுப்பிய வண்டிகள்’ என்று பெயர். இந்த ஊரில் பிறந்த பெண்தானே நீ? இங்கே தகனத்துக்கு வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்புகிற புத்தகம் எப்படி இருக்கும் என்று பன்னிரண்டு வருஷத்தில் மறந்துபோய்விட்டதா? இறந்தவர் படம், கறுப்புக் கோடு, பூ, உள்ளே பிள்ளைகள் எழுதிய நாலு வார்த்தை, சூத்திரம். நம் வீட்டிலேயே அப்படி முப்பத்தாறு இருக்கின்றன, ஒன்றையும் நாம் படித்ததில்லை, ஒன்றையும் தூக்கிப் போடவும் மனம் வந்ததில்லை.

எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை. ஆனாலும் மகள் அனுப்பியதாயிற்றே என்று முன்னறையில் ரேடியோவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, விகாரைக்குக் கொண்டுபோக வேண்டிய பூவைக் கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் புன்மா தேங்காய்த் துருவியைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். அட்டையைப் பார்த்தாள், துருவியைக் கீழே வைத்தாள், ஒரு சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டாள். கால் மணி நேரத்தில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, சாவு வீட்டில் சமைக்க எடுத்துவருவாளே அந்தப் பெரிய கரண்டி, அதையும் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். “லமாய், ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடீ, நேத்து சாயங்காலம்கூட என் வீட்டு வேலிகிட்ட சீட்டியடிச்சிட்டுப் போனாரே” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்த உன் அப்பா, “யாரு போயிட்டாங்க?” என்று கேட்டார். புன்மா திரும்பிப் பார்க்காமலே, “நீங்கதாண்ணே” என்றாள். அப்புறம்தான் திரும்பினாள். கரண்டி என் கால்மேல் விழுந்தது, நகம் இன்னும் நீலமாக இருக்கிறது. உன் அப்பாவைப் பற்றிக் கேட்க வேண்டுமா, நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்து, “எனக்கு என்ன சமைக்கறதா இருந்த?” என்றார். மூங்கில் குருத்துக் குழம்பு என்றாள். “சரி, கரண்டியோட வந்துட்ட, வெச்சுக் குடுத்துட்டே போ” என்றார். வைத்தும் கொடுத்தாள். அழுதுகொண்டே சமைத்ததால் உப்புக் கூடிவிட்டது என்று அவர் ஒரு வாரம் அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

ஒருத்தி பயந்ததை வைத்து நான் முடிவுக்கு வரவில்லை. புன்மா பூனை குறுக்கே ஓடினாலே அழுகிறவள். அதனால் அப்பாவின் முகம் தெரியாத ஆற்றோரச் சந்தைக்குப் போனேன், நான் வாரம் ஒரு தடவை போகும் சியூ அக்காவின் வாடகைப் புத்தகக் கடைக்கு. விவசாய ஆபீசில் சும்மா கொடுத்த டுரியன் மர நோய்கள் பற்றிய புத்தகம் ஒன்று வீட்டில் கிடந்தது, தடிமன் சரியாக இருந்தது, அதற்கு உன் அட்டையைப் போட்டு அதன்மேல் கண்ணாடித்தாளும் சுற்றி, முன்தட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொன்னேன். ஒன்பது நாள் இருந்தது. ஒருவர்கூட எடுத்துப் புரட்டவில்லை. நாலு பேர் கும்பிட்டார்கள். காய்கறி விற்கும் ஒரு பெரியம்மா சியூவைப் பிடித்து, “செத்தவங்க புஸ்தகத்த வாடகைக்கு விட்டு யாவாரம் பண்றியே, நீ நல்லா இருப்பியா? அந்தப் பிள்ள மூஞ்சியப் பாரு, என்ன வயசு, அத வெச்சா சம்பாதிக்கற?” என்று சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரித் திட்டியிருக்கிறாள். பத்தாம் நாள் காலையில் சியூ அதைச் சுத்தமான துணியில் மடித்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டி, “தாயே, எடுத்துட்டுப் போயிடு, எனக்குக் குடும்பம் இருக்கு” என்றாள்.

இப்போது உன் கடிதத்தில் இருந்த இன்னொரு வரிக்கு வருகிறேன். அட்டையைப் பார்த்துப் புத்தகம் எடுப்பவர்களுக்காக நான் எழுதவில்லை அம்மா என்று எழுதியிருந்தாய். அதை நான்கு தடவை படித்தேன். உன்னைப் பெற்றவள் அட்டையைப் பார்த்துப் புத்தகம் எடுக்கிறவள், சுரீ. எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, எழுத்து வந்ததே விகாரையில் கொடுத்த மஞ்சள் அட்டைப் பிரார்த்தனைப் புத்தகத்தால்தான். மந்திரங்கள் எல்லாம் மனப்பாடம், வாய் சொல்லும் இடத்தில் விரலை வைத்து வைத்து எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்று நானே கண்டுபிடித்தேன், அதற்கு இரண்டு மழைக்காலம் ஆயிற்று. பிறகு சியூ கடைக்குப் போய் முதன்முதலில் ஒரு மஞ்சள் அட்டையாகப் பார்த்து எடுத்தேன், மஞ்சள் என்றால் தர்மப் புத்தகம் என்று நினைப்பு. தினமும் புத்தர் முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, மண்டியிட்டு வாய்விட்டுப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் தலையில்லாத பெண் ஒருத்தி கிணற்றிலிருந்து ஏறி வந்தாள். பாதியில் நிறுத்தவும் பயம், மேலே படிக்கவும் பயம், ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன். அன்றிலிருந்துதான் நோட்டுப் போட்டேன். நிறம், அட்டையில் என்ன படம், முடித்தேனா இல்லையா, மூன்று பத்திதான். பத்தொன்பது வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகம். அவற்றில் முடிக்காமல் திருப்பிக் கொடுத்தது ஐம்பத்தெட்டு. பத்து அட்டையில் எட்டு என்னிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. கண்ணீர் விடுகிற பெண் முகம் போட்டது பெரும்பாலும் தேறாது, அழுகை முழுவதும் அட்டையிலேயே முடிந்துவிடும். படகோ கதவோ போட்டது இருபத்தேழு எடுத்திருக்கிறேன், இரண்டைத் தவிர எல்லாவற்றையும் முடித்தேன். கறுப்பும் சிவப்பும் சேர்ந்தால் கொலை, அதை உபவாச நாளில் எடுக்கமாட்டேன். எழுதியவர் பெயரை நான் பார்ப்பதே இல்லை, நீ எழுதியதாக இருந்தாலும் சந்தையில் அப்படித்தான் பார்த்திருப்பேன். உன் புத்தகத்தில் வருகிறவர்கள் யார்? ரயில்வே வரிசை வீட்டுப் பெண்கள், வண்டி நிற்கும்போது ஓடிவந்து கோழியும் சோறும் விற்றவர்கள், கொடி பிடித்தவர்கள். அவர்களும் என்னைப் போலத்தான் எடுப்பார்கள். அவர்கள் கும்பிட்டு உயரத்தில் வைத்துவிட்டால் பிறகு யார்தான் படிப்பது?

குறை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்குகிறவள் இல்லை நான். உன் அப்பா புதன்கிழமை பகலில் பிறந்தவர், புதனுக்குப் பச்சை, அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. முகம் வேண்டாம் என்று முடிவு செய்தேன், உயிரோடிருக்கிறவருக்கு முகம் வீட்டில் இருக்கிறது. அவரை உட்காரவைத்து, நிற்காமல் போகும் வண்டியின் ஓட்டுநருக்கு வழி கொடுக்க அந்தப் பெரிய வளையத்தை நீட்டுவாரே, அப்படிக் கையை நீட்டச் சொல்லி, வெள்ளைத் தாளில் பென்சிலால் கையைச் சுற்றி வரைந்தேன். முப்பத்தொரு வருஷம் நீட்டிய கை, நான் வரைந்து முடிக்கும்வரை ஆடவே இல்லை. கையையும் வளையத்தையும் வெட்டி எடுத்துப் பச்சைத் தாளில் ஒட்டினேன். அதே டுரியன் புத்தகத்துக்கு அதைப் போட்டு, போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, திங்கட்கிழமை, அதே முன்தட்டில் வைத்தேன்.

செவ்வாய் மத்தியானமே போய்விட்டது. எடுத்தது கடைக்கு எதிரே வாழைப்பழம் பொரித்து விற்கும் ரம்பாய். “மோதிரம் மாத்தற கதையா? மோதிரம் என்ன இவ்ளோ பெருசா இருக்கு, மாப்பிள யானைக்கா குடுக்கறான்?” என்று கேட்டுக்கொண்டே எடுத்துப் போனாளாம். வியாழக்கிழமை எண்ணெய்க் கறையோடு கொண்டுவந்து சியூவின் முன்னால் போட்டாள். நான் அங்கேதான் நின்றேன். “என்ன அக்கா இது, முழுக்க வேர் அழுகல், மருந்து, மறுபடியும் வேர் அழுகல். தோட்டக்காரன் போல, மருந்தடிச்சு முடிச்சதும் பொண்ணு வருவான்னு நாப்பது பக்கம் பொறுத்தேன். எங்க அந்த வளையத்த நீட்டின ஆளு?” என்றாள். நாற்பது பக்கம், சுரீ! அந்தப் புத்தகத்தை எழுதிய அதிகாரியின் மனைவிகூட நாற்பது பக்கம் படித்திருக்கமாட்டாள். சியூ சிரித்துச் சிரித்துக் கல்லாப்பெட்டிமேல் சாய்ந்துவிட்டாள். நான் ரம்பாயிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், வளையத்தை நீட்டின ஆள் என் புருஷன், உயிரோடு இருக்கிறார், கதையை என் மகள் எழுதியிருக்கிறாள் என்றும் சொன்னேன். “உபவாச நாள்ல வெள்ள உடுப்பு போட்டு சீலம் எடுக்கறவங்க பண்ற வேலையா இது? பொய் சொன்னதுக்கு மொதப் புஸ்தகம் எனக்குத்தான்” என்றாள்.

ஆள் ஏமாறும்படி அட்டை போட்டதும் பொய்தானே, அதனால் அடுத்த உபவாச நாளில் விகாரையில் பிக்குவிடமும் சொல்லிவிட்டேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, சொன்னபடி அவளுக்கு முதல் புத்தகத்தைக் கொடுத்துவிடுங்கள், நேராகிவிடும் என்றார். கொஞ்சம் பொறுத்து, டுரியன் வேர் அழுகலுக்கு அதில் என்ன மருந்து போட்டிருக்கிறது என்றும் கேட்டார். விகாரைத் தோட்டத்தில் இரண்டு மரம் வாடுகிறதாம், பச்சை அட்டையைக் கழற்றிக்கொண்டு புத்தகத்தை அவருக்கே கொடுத்துவிட்டேன். இப்போது என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினோரு பெயர் இருக்கிறது, ரம்பாய் முதல், சியூவைத் திட்டிய காய்கறிப் பெரியம்மா ஏழாவது. யாருக்கும் உன் புத்தகத்தின் பெயர் நினைவில்லை, பச்சைப் புத்தகம் எப்போது வரும் என்றுதான் கேட்கிறார்கள். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பாங்காக்குக்குத் தொலைபேசியில் சொல்லிவிடு. இங்கெரீட் மனம் நோக வேண்டாம், படம் நன்றாக வரைந்ததால்தான் நாலு பேர் கும்பிட்டார்கள் என்று சொல், பச்சை அட்டையையும் அவளே வரையட்டும். ஆஸ்பத்திரிச் சமையலறையில் இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய், வேண்டாம், இடுப்பு போய்விடும். மிளகாய்த்தூளும் காய்ந்த மீனும் தனிப் பொட்டலமாக வருகிறது.

சாம்பல் அட்டையை என்ன செய்தாய் என்று கேட்பாய். டுரியன் புத்தகத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து உன் அப்பாவிடம் கொடுத்தேன், கிழித்துவிடலாமா என்று கேட்டேன். ஜன்னல் பக்கமாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். “சட்ட புதுசு அன்னிக்கி. பொண்ணு நல்லாத்தான் செஞ்சிருக்கா. கிழிக்காத, எடுத்து வை, அப்பறம் நீ தேடிட்டு இருக்க வேணாம்” என்று சொல்லிவிட்டு அணிலைத் துரத்தப் போய்விட்டார். என் வெள்ளை உடுப்புகளுக்கு அடியில், மடிப்பு விழாமல் அட்டைப்பலகை வைத்து வைத்திருக்கிறேன். அது தப்பான அட்டை இல்லை, சுரீ, சீக்கிரம் வந்துவிட்ட அட்டை. அதற்குரிய நாளில் அதை என் கையிலிருந்து நீ நேரில் வந்து வாங்கிக்கொள்வாய், தபாலில் அனுப்பமாட்டேன். அதுவரை பச்சைதான்.

மும்மணிகள் உன்னைக் காக்கட்டும், நீ எழுதியது பலர் கைக்குப் போகட்டும், உன் உடம்பும் மனசும் குளிர்ந்திருக்கட்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். மாதக் கடைசிக்கு முன்னால், மறந்துவிடாதே. அப்பாவின் கையை ஒட்டிய பச்சைத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சுண்டுவிரல் குட்டையாக இருப்பது என் பென்சில் செய்த பிழை என்று இங்கெரீட் நீட்டிவிடப்போகிறாள். வண்டிப் பெட்டியை இணைக்கும்போது போன விரல் அது, இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா
லமாய்