ஒரே பெஞ்சில் இரண்டு கட்சி

உங்கள் பெஞ்சு இன்று காலை எங்கள் செம்பூர் ஆபீஸுக்குக் கைவண்டியில் வந்து இறங்கியது. மாட்டுங்காவில் உங்கள் வக்கீல் ஆபீஸைக் காலி செய்கிறார்களாம். சாமான் மலிவாகக் கிடைத்தது என்றார் என் புது வக்கீலம்மா. இடது ஓரத்தில் டீ கிளாஸ் வைத்து வைத்து வெளுத்த வட்டங்கள் அப்படியே இருக்கின்றன. வெளியே உட்கார்ந்தவர்களுக்கு டீ. நீங்கள் உள்ளே அழைத்தவர்களுக்கு வெள்ளி டம்ளரில் காபி. மூன்று வருஷம் இந்தப் பெஞ்சைத் துடைத்திருக்கிறேன், ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. எனக்கு அழுகை வரவில்லை.

ஏழாவதோடு என் படிப்பு நின்றபோது, தாராவியில் தோல் பை தைக்கும் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்தார். "ஐயா, பிள்ளைக்கு வாயே கெடையாது. சொன்ன வேலயச் செய்வா" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். "வாய் இல்லாதவதான்யா வக்கீல் ஆபீஸுக்கு வேணும்."

முதல் நாளே எனக்கு ஒரு வேலை சொன்னீர்கள். "வர்றவாகிட்ட எதிராளி யாருன்னு கேளு. கேட்டுண்டு வந்து எங்கிட்ட சொல்லு. ஒரே பெஞ்சுல ரெண்டு கட்சி உட்காரப்படாது. ஒருத்தர் முன்பக்கம், ஒருத்தர் பின்படி. தெரிஞ்சுதா?" தலையாட்டினேன். அடிதடி வராமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். சண்டைக்காரர்கள் இருவரும் உங்களிடமே யோசனை கேட்கிறார்கள், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் என்பது எனக்கு மெல்லத்தான் விளங்கியது. விளங்கியும் பேசாமல் இருந்தேன். அவர்கள் யாரோ.

பிறகு எங்கள் முறை வந்தது. அப்பா பை தைக்கும் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லி இடத்துக்காரச் சேட் வழக்குப் போட்டார். அப்பாவுக்கு நீங்கள்தான் வக்கீல். ஒரு மத்தியானம் உள்ளறைக்குக் காபி கொண்டுவந்தேன். அதே சேட் உங்கள் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுடுவான். கொட்டகை உங்களுக்கு வந்துடும்" என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதுவரை என் குரலையே கேட்டிராத சேட் என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"கூங்கி ஹை" என்றீர்கள். ஊமை என்று.

நான் யார் மகள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே சொன்னீர்கள். இரண்டு கட்சிக்கும் வக்கீலாக இருந்ததைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். இதை மறக்கமாட்டேன்.

வீட்டில் சொன்னேன். அப்பா நம்பவில்லை. "அவரு நம்ம ஊருக்காரருல்லா பிள்ள. எதாவது தப்பா வெளங்கியிருப்ப."

வெள்ளிக்கிழமை சேட் பின்படி ஏறி வந்தார். "ஸாப் பிஸி ஹை, இதர் பைட்டியே" என்று முன்பக்கப் பெஞ்சைக் காட்டினேன். ஊமை பேசிய திகைப்பிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார். சற்று நேரத்தில் அப்பா வந்தார். "நீங்களும் உக்காருங்கப்பா" என்று சேட்டுக்குப் பக்கத்தில் இடம் காட்டினேன்.

"தும் இதர்?" என்றார் சேட். நீ எங்கே இங்கே என்று.

"ஹமாரா வகீல்" என்றார் அப்பா, உங்கள் அறையைக் காட்டி.

சேட் சிரித்தார். "அரே, ஏ தோ ஹமாரா வகீல் ஹை." இவர் எங்கள் வக்கீலாயிற்றே என்று.

அப்போதுதான் நீங்கள் பேனாவும் கையுமாகக் கதவைத் திறந்தீர்கள். அந்த முகத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். தூக்கம் வராத நாட்களில் எடுத்துப் பார்ப்பேன்.

அப்பா சத்தம் போடவில்லை. "ஐயா, எங்க ரெண்டு பேருல நீரு யாருக்கு வக்கீலு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லே. உள்ளே வாங்கோ, பேசிக்கலாம்."

"இங்கனயே சொல்லும்."

காத்திருந்த மளிகைக்கடைக்காரர் எழுந்து, குமாஸ்தா மேஜையிலிருந்த தன் காகிதக் கட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "என் எதிராளிக்கும் உள்ளேதான் காபியா, சார்?"

எல்லாரும் போன பின் என்னைக் கேட்டீர்கள். "நீயாடி பண்ணினே?"

"ஆமா" என்றேன். தலையாட்டாமல் உங்களுக்குச் சொன்ன ஒரே பதில்.

வேலை போனது. ஆனாலும் மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் உங்கள் மாடிப்படியின் கீழே நின்று, கட்சிக்காரர்கள் கழற்றிவிட்ட செருப்புகளைப் பார்ப்பேன். வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் உங்கள் செருப்பு மட்டும் கிடந்தது. சந்தோஷமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அப்பாவின் வழக்கை இப்போது வக்கீலம்மா நடத்துகிறார். கொட்டகை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. தீர்ப்பு வரும் நாளில் நீங்கள் உயிரோடு இருந்து கேட்டிருக்க வேண்டும். உங்களுக்காக நான் வருத்தப்படுவது அதற்கு மட்டும்தான்.

இன்று உங்கள் பெஞ்சில் முதலில் வந்து உட்கார்ந்தவர் கோட்டுப் போட்ட பெரிய மனிதர். பெரிய கேஸ், என்ன ஃபீஸ் கேட்டாலும் தருவேன் என்றார். நான் கேட்டேன், "எதிராளி யாரு?" அவர் சொன்ன பெயர் எங்கள் பழைய கட்சிக்காரி ஒருத்தியின் பெயர். வக்கீலம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நீயே பதில் சொல்லிவிடு" என்றார்.

நீங்கள் கற்றுக்கொடுத்த கேள்விதான். இரண்டு பேரையும் மறைத்து வைக்க நீங்கள் அதைக் கேட்கச் சொன்னீர்கள்.

"எந்திரிங்க. இங்க உங்களுக்கு வக்கீல் கிடையாது" என்றேன். தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் போனதும் பெஞ்சில் நான் உட்கார்ந்தேன்.