அருண் விரல் நீட்டிய செய்தி

அன்பு மகன் ஏசுதாசனுக்கு அப்பா எழுதுவது,

மாதாவின் தயவில் இராயப்பன்பட்டியில் எல்லாரும் சுகம், மஸ்கட்டில் உன் இருமல் விட்டதா என்று உன் அம்மா கேட்கச் சொல்கிறாள். போனில் பேசினால் ஆளாளுக்குப் பிடுங்கிக்கொள்கிறார்கள், எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உன் மகனுக்கு ஆட்டிசம் என்று கேட்ட நாளிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஜெசிந்தா சொன்னாள். இதைப் படித்துவிட்டு வயிறாரச் சாப்பிடு, இது சந்தோஷச் செய்தி.

முதலில் கவனித்தது உன் பெண்டாட்டி ஜெசிந்தாதான். ஒன்றரை வயதாகியும் அருண் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை, சொல்லிக்கொண்டிருந்த 'ம்மா'வும் நின்றுபோனது. உன் அம்மாவோ, "எங்க அண்ணன்கூட மூணு வயசுலதான் பேசுனாக, ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்" என்று அடித்துச் சொன்னாள். ஜெசிந்தா என்னிடம் வந்து, "அதுவரைக்கும் என்னால சும்மா இருக்க முடியாது மாமா, இப்பவே போய்ப் பாத்துப்புடுவோம்" என்றாள். அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் நான் சட்டையை மாட்டிக்கொண்டேன். தேனி ஆஸ்பத்திரியில் முதலில் காதைச் சோதித்தார்கள், நன்றாகக் கேட்கிறது. பிறகு டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து அவனோடு வெகுநேரம் விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், இது வளர்ப்பில் வந்த குறை இல்லை, மருந்தால் போகும் நோயும் இல்லை, அவன் மனசு வேலை செய்யும் விதம் வேறு, இத்தனை சின்னதிலேயே கூட்டி வந்தது ரொம்ப நல்லது என்று. சின்னமனூர் வரும்வரை ஜெசிந்தா பஸ்ஸில் அவனை மடியிலேயே வைத்திருந்தாள். இறங்கியதும் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நல்ல வேள, வந்தோம் மாமா" என்றாள்.

அதிலிருந்து வாராவாரம் பயிற்சிக்குப் போகிறார்கள். அங்கே சொல்லிக்கொடுக்கும் பெண் சுபாஸ்ரீ, எல்லாம் விளையாட்டாகவே செய்யச் சொல்கிறாள். முகத்துக்கு நேராக உட்கார வேண்டும், கேட்கும் முன்னே கையில் திணிக்கக் கூடாது. உன் அம்மாவுக்கு முதலில் இது பெரும்பாடாக இருந்தது, இப்போது அவளே என் கையைத் தட்டிவிட்டு, "இருங்க, பிள்ள கேக்கட்டும்" என்கிறாள்.

போன வியாழக்கிழமை நம் தோட்டத்தில் திராட்சைப் பழம் வெட்டு. பந்தலுக்குள் ஒரு மயில் வந்து நின்றது. அருண் அதைப் பார்த்தான், விரலை நீட்டினான், திரும்பி ஜெசிந்தா முகத்தைப் பார்த்தான், மறுபடி மயிலைப் பார்த்தான். அது வேண்டும் என்று கேட்கவில்லையப்பா, நீயும் பார் என்று அவளுக்குக் காட்டியிருக்கிறான். அவள் "ஆமாடா தங்கம், மயிலு" என்று சொல்லிக்கொண்டே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பழம் வெட்டிய பேச்சிமுத்து கத்தரியைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "என்னத்தா, பூச்சி கடிச்சிருச்சா" என்று பதறினான். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ள மயிலக் காட்டுச்சுய்யா" என்றாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தான். அன்று முழுக்க மயில் பழத்தைக் கொத்தினாலும் யாரும் விரட்டக் கூடாது என்று உன் அம்மா உத்தரவு.

பேச்சு இன்னும் வரவில்லை, வரும்போது வரட்டும், அதுவரை படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்குகிறார்கள். கோயில் மணிக்குக் காதைப் பொத்திக்கொள்கிறான், அதனால் மணி அடித்து ஓய்ந்த பிறகு பூசைக்குப் போகிறோம்.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, வீடியோவில் பேசும்போது போனை உன் முகத்துக்கு நேராகப் பிடி. கீழே வைத்துவிட்டுப் பேசினால் மேலே காற்றாடி சுற்றுவது தெரிகிறது, உன் மகன் உன்னை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உன் அப்பா,
அருளப்பன்