இருபத்துமூன்றாம் வரி

அஸ்தினாபுரம்
9.2.2025

அன்புள்ள ஜான்சிக்கு,

மிருதுளா எழுதுகிறேன். உன் போன் நம்பர் யாரிடமும் இல்லை. உன் அப்பா பெயரைப் போட்டுக் கோவளம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். சேர்ந்தால் என் அதிர்ஷ்டம்.

குரோம்பேட்டையில் நாம் வேலை பார்த்த டேட்டா என்ட்ரி ஆபீஸ் ஞாபகம் இருக்கிறதா? வேலை முடிந்ததும் நான் கட்டம் போட்ட தாளைப் பார்த்து, “காலி பத்து, நட்சத்திரம் மூன்று” என்று சொல்லச் சொல்ல, நீ கம்ப்யூட்டரில் அடிப்பாய். ஓரமெல்லாம் ஓட்டை போட்ட அகலத் தாளில், நட்சத்திரக் குறிகளாலேயே உன் அப்பாவின் படகு கரகரவென்று அச்சாகி வரும். அதைவிடச் சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை, ஜான்சி.

பேங்க் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டேன். இப்போது எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு ரோபோ கை பேனா பிடித்துப் படம் வரைகிறது. சாப்பிடத்தான் இடமில்லை. அடுத்த மாதம் தாம்பரத்தில் கணினி ஓவியக் கண்காட்சி வைக்கிறோம். நம் படகின் மூலப்படம் தொலைந்துபோனாலும், ஆண்டு விழாவில் எடுத்த மங்கலான போட்டோ ஒன்று கிடைத்தது. அதை ஏ.ஐ.யிடம் கொடுத்துத் தெளிவாக்கி, ரோபோவை வரையவைத்தேன். அதன் போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கட்டாயம் வரவேண்டும்.

பிரியமுள்ள
மிருதுளா


கோவளம்
17.2.2025

மிருதுளாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெரோம் மகள் என்றதும் போஸ்ட்மேன் நேராக இங்கே கொண்டுவந்துவிட்டார்.

படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எங்கள் படகில்லை. பாய்மரம் விறைப்பாக நிற்கிறது.

நீ வரி சொல்லிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் சம்பந்தம் சார் வந்து, “இன்னாம்மா, ஆபீஸ் பேப்பர்ல கப்பல் வுட்டுகினு கீறீங்களா?” என்றார். நீ சிரித்ததில் எண்ணைத் தப்பாகச் சொல்லி, பாய்மரம் ஓரிடத்தில் விலகி ஒடிந்துவிட்டது. திருத்திவிடலாம் என்றாய். என்னை அழைத்துப்போக வந்த அப்பாதான், “ஐய, நம்ம படகேதான்! புயல்ல ஒடஞ்ச மரம் அப்டியே கீது பாரு” என்றார். அதற்காகவே திருத்தாமல் விட்டோம்.

அது மறந்திருந்தால், படத்துக்குக் கீழே ‘ஆக்கம்: அ. மிருதுளா’ என்று மட்டும் இருந்ததும் உனக்கு மறந்திருக்கும். ஆண்டு விழா மேடையில் கைதட்டல் வாங்கிக்கொண்டு நின்றாய். மூன்றாவது வரிசையில் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரமே வேலையை விட்டேன். பஸ் வசதியில்லை என்று சொன்னது சும்மா.

இப்போது இயந்திரத்தையும் சேர்த்தால் மூன்று பேர். யார் பெயரைப் போடப்போகிறாய்? நான் வரவில்லை.

ஜான்சி


அஸ்தினாபுரம்
24.2.2025

அன்புள்ள ஜான்சிக்கு,

பெயர் விஷயத்தை மறக்கவில்லை. அதை எழுதத்தான் தைரியம் வரவில்லை. அன்று அந்தப் பெயரை எழுதியது சம்பந்தம் சார். ஆனால் மைக் என் கையில் இருந்தது. “இதை அடித்தது ஜான்சி” என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? கைதட்டல் இனித்தது. சொல்லாமல் இறங்கிவிட்டேன்.

பாய்மரத்தை ஒடிக்கச் சொல்லி நான்கு தடவை பார்த்துவிட்டேன். ஏ.ஐ. ஒவ்வொரு தடவையும் அதைத் தவறு என்று நினைத்து நிமிர்த்திவிடுகிறது. எந்த வரியில், எவ்வளவு விலகியது என்பது எனக்கும் நினைவில்லை. கட்டம் போட்ட தாளும் போயிற்று.

படத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டேன். உன் பெயரும் ஒடிந்த மரமும் இல்லாமல் அது எங்கும் தொங்காது. சுவரில் அந்த இடம் வெறுமனே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்க வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

மிருதுளா


கோவளம்
3.3.2025

என் மிருதுவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்து அழுதேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண் பயந்துபோய், “இன்னாக்கா, பேஜாரா?” என்றாள்.

நானும் ஒன்றைச் சொல்லவேண்டும். மூலப்படம் தொலையவில்லை. வேலையை விட்ட அன்று ஆபீஸ் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். கோபத்தில் உன் பெயர் இருந்த ஓரத்தைக் கிழித்தேன். அப்பா இருந்தவரை படம் அவர் கட்டிலுக்கு மேலேதான் இருந்தது. கிழித்த துண்டை மட்டும் அவருக்குக் காட்டவில்லை. அது என் பைபிளுக்குள் இருக்கிறது, எறிய மனம் வரவில்லை.

என் பெயரை முன்னால் போடவேண்டாம், பக்கத்தில் போடு. அடிக்கும்போது பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தோம்.

படத்தைத் தபாலில் அனுப்பமாட்டேன், பொடிந்துபோகும். கோவளத்துக்கு வா. இந்தத் தடவை நான் வரி சொல்கிறேன், நீ உன் கையாலேயே அடி. அதைப் பார்த்து அந்த ரோபோ வரையட்டும்.

வருவதற்குள் இதை மட்டும் அடித்து வை. இருபத்துமூன்றாம் வரி: காலி நாற்பத்திரண்டு, நட்சத்திரம் ஒன்று.

இங்கேதான் நீ சிரித்தாய்.

உன்
ஜான்சி